முதல் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

உதைகாலி இன்றைக்கும் தன் பெயரைக் காப்பாற்றிவிட்டாள். காம்பில் கறவை மெஷினின் ரப்பர் உறையை மாட்டப் போன கையில் ஒரே உதை. மணிக்கட்டு வீங்கிவிட்டது. "இருபத்திரண்டு மாட்டுல ஒண்ணாவது உனக்குப் பயப்படாம இருக்கே, சந்தோஷப்படு" என்கிறார் இவர். என் வீட்டுக்காரருக்குக் கிண்டலுக்கு நேரம் காலம் கிடையாது.

காலைக் கறவை முடிந்து குழாய் கழுவிக்கொண்டிருந்தபோது பால் சுகாதார ஆய்வாளர் வந்தார். முன்னால் சொல்லவில்லை. சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. வெள்ளை ரப்பர் பூட்ஸ். வாசலிலேயே பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கிவிட்டு உள்ளே வந்தது எனக்குப் பிடித்தது. தரை, சாக்கடை, ஜன்னல் வலை, மடி துடைக்கும் துணி எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு மாட்டுக்கு ஒரு துணி. முதல் நான்கு பீய்ச்சல் கறுப்புக் கிண்ணத்தில், கட்டி இருக்கிறதா என்று பார்க்க. கறந்து முடித்ததும் காம்புக்கு மருந்து. ஒப்பிப்பதுபோல் சொன்னேன். "தரையில உக்காந்து சாப்பிடலாம் போலிருக்கே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போகும்போது பாலைக் குளிர வைக்கும் கூலரிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் பால் எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

எத்தனை மணிக்குக் கறந்தோம், கூலர் எத்தனை டிகிரி என்று தினமும் பதிவேட்டில் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். அதில் எழுத முடியாததற்குத்தான் இந்த நோட்டு இருக்கிறதே.

மார்ச் 5, புதன்

கை வீக்கம் வற்றவில்லை. சின்னவள் மாலைக் கறவை முடித்துவிட்டுப் போனதும் வழக்கம்போல் போய்க் குழாய் வாயில் விரல் விட்டுப் பார்த்தேன். அழுக்கு இல்லை. ஆனால் சூடும் இல்லை. மறுபடியும் கொதிநீர் விடாமல் ஏமாற்றியிருக்கிறாள்.

சின்னவள் என் கொழுந்தனின் மனைவி. காலைக் கறவை எனக்கு, மாலைக் கறவை அவளுக்கு. பதினோரு வருடமாக ஒரே கொட்டகையில் நிற்கிறோம். எங்களுக்குள் ஒத்துப்போகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் — முதல் தண்ணீர். பால் பட்ட எதையும் உடனே கொதிநீரில் அலச வேண்டும் என்பது என் கட்சி. கையால் கறந்த காலத்தில் வாளியை அப்படித்தான் கழுவினேன். மெஷின் வந்த பிறகு ஆறு வருடமாகக் குழாயையும் அப்படித்தான். அவளோ முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பால் முழுக்கப் போன பிறகுதான் சோப்புத்தூளும் சூடும் என்கிறாள். மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். புத்தகமா வந்து மாடு கறக்கிறது?

மார்ச் 11, செவ்வாய்

கடிதம் வந்தது. நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன்.

ஒரு மில்லி பாலில் கிருமி ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் பாலில் நான்கு லட்சத்து இருபதாயிரம். போன வருடம்வரை ஐந்து லட்சம் வரைக்கும் விட்டார்கள், இந்த ஜனவரியில்தான் அளவைக் குறைத்தார்கள். இன்னும் மூன்று முறை மாதிரி எடுப்பார்களாம். கடைசி இரண்டும் அளவுக்குள் வர வேண்டும். வராவிட்டால் அனுமதி ரத்து. பால் வண்டி எங்கள் வாசலில் நிற்காது.

வண்டி நிற்காவிட்டால் இருபத்திரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒவ்வொன்றாக வேறு லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியதுதான். என் செல்லப் பசு மகாராணியை யார் ஏற்றுவது? நான் ஏற்ற மாட்டேன்.

ஏற்ற விடவும் மாட்டேன். ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

மார்ச் 12, புதன்

காலை ஏழரைக்குப் பால் வண்டி வந்தது. அதை ஓட்டுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் வானொலி. ஒரு வாசலில் காதில் விழுந்ததை நாற்பது வாசலில் ஒலிபரப்புவார். கடித விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"என்னக்கா, உங்க வீட்டுப் பால்லயா? நம்பவே முடியல" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என் கையில ஒரு குறையும் இல்ல. சாயங்காலம் கழுவுறவங்க ஒழுங்கா கழுவணுமே. பச்சைத் தண்ணிய ஊத்திட்டுப் போனா கிருமி வராம என்ன செய்யும்?" என்றேன்.

திரும்பினால் சின்னவள் தீவனக் கூடையோடு பின்னால் நிற்கிறாள். முகத்தில் ஈயாடவில்லை. கூடையை இறக்கி வைத்தாள். தீவனத்தை ஒரு மாடு விடாமல் போட்டு முடித்தாள். பிறகு என்னிடம் வந்து, "அப்ப ரெண்டு வேளையும் நீங்களே பாத்துக்குங்கக்கா" என்றாள். குரல் உயரவே இல்லை.

பார்த்துக்கொள்கிறேன். அதிலென்ன?

மார்ச் 15, சனி

சின்னவள் கடைத்தெரு ரொட்டிக் கடையில் மாலை வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பொட்டலம் கட்டும் வேலையாம். காலைத் தீவனத்துக்கு மட்டும் வருகிறாள். கொழுந்தனைக் கேட்டேன். "அண்ணி, நீங்களாச்சு அவளாச்சு. நடுவுல என்னை மாட்டிவிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

காலை ஐந்து மணி, மாலை ஐந்து மணி, இரண்டு வேளையும் நானே. பாய்லரை எண்பது டிகிரிக்கு ஏற்றிவைத்திருக்கிறேன். கடைசி மாட்டின் உறையைக் கழற்றியதும் கொதிநீர். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. கொட்டகை முழுக்க ஆவி. எந்தக் கிருமி பிழைக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மார்ச் 21, வெள்ளி

இடுப்பு விட்டுப்போகிறது. மாலை நேரத்தில் மாடுகள் என்னிடம் அடங்குவதில்லை. பொட்டுக்காரி பாலை அடக்கிக்கொள்கிறாள். சின்னவள் கறக்கும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள், அந்தச் சத்தம் இல்லாமல் இதற்குப் பால் இறங்காதாம். பாட்டு பாட இப்போது எனக்கு மூச்சு எங்கே இருக்கிறது?

மார்ச் 25, செவ்வாய்

வெள்ளை பூட்ஸ் வந்து இரண்டாவது மாதிரி எடுத்துப் போனார். நிமிர்ந்து நின்றேன். இந்த முறை பாருங்கள் என்று மனதுக்குள் சொன்னேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆறு லட்சத்துப் பத்தாயிரம்.

இவரிடம் சொன்னேன். "இன்னிக்கு ஏப்ரல் ஒண்ணு, நான் ஏமாற மாட்டேன்" என்று சிரித்தார். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். அதன் பிறகு சிரிக்கவில்லை.

ஏறியிருக்கு. குறையலை, ஏறியிருக்கு! முதுகு ஒடிய ரெண்டு வேளையும் நானே கழுவினேனே, கை தோலுரிஞ்சு போச்சே, அப்புறம் எப்படி?

ஏப்ரல் 2, புதன்

காலையிலிருந்து ஒரே கேள்வி. இந்த மூன்று வாரத்தில் கொட்டகையில் என்ன மாறியது?

மாடு மாறவில்லை. தீவனம் மாறவில்லை. கூலர் நான்கு டிகிரியிலேயே நிற்கிறது. சோப்புத்தூளும் அதேதான்.

அவள் இல்லை. மாறியது அது ஒன்றுதான்.

எழுதிவிட்டு இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கிழித்தால் என்ன, பாட்டில் பாலில் இருப்பது போய்விடுமா? ஆய்வாளருக்கு போன் செய்தேன். "குற்றம் கண்டுபிடிக்க வேணாம் மேடம், காரணம் கண்டுபிடிக்க வாங்க" என்றேன். நாளை மறுநாள் வருகிறாராம்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று நடந்ததைச் சுருக்காமல் எழுதுகிறேன். பிறகு எனக்கே வசதியாக மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஆய்வாளர் ஸ்பேனர் கேட்டார். பால் குழாய் கூலருக்குத் திரும்பும் வளைவைக் கழற்றச் சொன்னார். ஆறு வருடத்தில் அந்த வளைவை நான் கழற்றியதே இல்லை. குழாய் வாயில் விரல் விட்டுப் பார்ப்பேன், விரல் போகிற தூரம் வரைக்கும்தான் என் சுத்தம். வளைவை டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே மஞ்சளாக ஒரு படிவு, பாத்திரத்தில் அடிப்பிடித்த பால் மாதிரி. நகத்தால் சுரண்டினார். செதிலாக வந்தது. "இதுக்கு அடியிலதான் குடியிருக்கு. மேல எவ்வளவு சூடு ஊத்தினாலும் உள்ள போகாது" என்றார்.

"எப்படி மேடம் வரும்? நான் கொதிக்கக் கொதிக்க ஊத்துறேனே."

"எப்ப?"

"பால் நின்ன உடனே. முதல் தண்ணியே அதுதான்."

அவர் டார்ச்சை அணைத்தார். பிறகு கேட்டார்: "முட்டை மஞ்சக்கரு ஒட்டின தட்டை எதுல கழுவுவீங்கம்மா?"

"பச்சைத் தண்ணியில."

"ஏன், வெந்நீர் ஊத்தினா?"

"வெந்து ஒட்டிக்குமே—"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. பாத்திரம் தேய்க்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். சமையலறையில் தெரிந்தது கொட்டகையில் தெரியாமல் போய்விட்டது. பாலிலும் அதே புரதச் சத்துதான், சூடு பட்டால் வெந்து ஒட்டுமாம். வாளியில் ஒட்டினால் தேய்த்துவிடலாம். குழாய்க்குள் யார் கை போகும்? நான்தான் ஒவ்வொரு நாளும் ஒரு பூச்சு பூசியிருக்கிறேன். மாலையில் சின்னவள் முறையாகக் கழுவி அதைக் கொஞ்சமாவது கரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளையும் நிறுத்திவிட்டேன்.

ஆய்வாளர் போகும்போது, "இந்த வீட்டுல யாருக்குமே இது தெரியாதா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன். பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை. நாற்பது மீட்டர் குழாய், பதினான்கு வளைவு, இருபத்து நான்கு ரப்பர் உறை. எல்லாவற்றையும் கழற்றப் போகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சின்னவள் வீட்டுப் பக்கம் போனேன். வீடு ஒன்றுதான், நடுவில் ஒரு சுவர், இரண்டு வாசல். பதினோரு வருடத்தில் அந்தக் கதவை நான் தட்டியது கிடையாது, நேராக உள்ளே போவேன். இன்று தட்டினேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழாய் வளைவு, மஞ்சள் படிவு, முட்டைத் தட்டு என்று எல்லாம் சொன்னேன். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில், "நீ சொன்னதுதான் சரி. மனசுல வச்சுக்காதே" என்றேன்.

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள். "என்கிட்ட சொல்லி என்னக்கா ஆகப்போகுது? நான் சரியாத்தான் கழுவினேன்னு எனக்குத் தெரியும். வண்டிக்காரர்கிட்ட சொன்னீங்கல்ல? அவர்கிட்டயே மாத்திச் சொல்லுங்க. கடைத்தெருவுல ரொட்டி வாங்க வர்றவங்ககூட என் கையைப் பாக்குறாங்க."

"சொல்றேன். ரிசல்ட் வரட்டும், சேர்த்துச் சொல்லிடுறேன்" என்றேன்.

"உங்க இஷ்டம்" என்றாள்.

ரிசல்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. தள்ளிப்போடுகிறேன். நாற்பது வாசலிலும் என் சுத்தத்தைத்தான் மெச்சுவார்கள். அந்தப் பெயரை நானே கழற்றிக் கீழே வைக்க வேண்டும். குழாயைக் கழற்றுவது சுலபமாக இருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

மெஷின்காரர் நேற்றே வந்து புது ரப்பர் உறைகள் கொடுத்துவிட்டார். இன்று காலைக் கறவை முடிந்ததும் குழாய்களைக் கழற்றி முற்றத்தில் பரப்பினோம். அமிலக் கரைசல், கையுறை, கண்ணாடி. குளோரின் சோப்புத்தூளையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், மூச்சடைக்கும் என்று மெஷின்காரர் மூன்று முறை சொன்னார். கண்ணாடி போட்ட இவரைப் பார்த்து மகாராணி மிரண்டு கயிற்றை இழுத்தாள். "கல்யாணத்தன்னிக்கு நீயும் இப்படித்தான் பாத்தே" என்று என்னிடம் சொல்கிறார். இந்த மனிதரை என்ன செய்வது?

ஒன்பது மணிக்குச் சின்னவள் வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீளத் தூரிகையை எடுத்தாள். இரண்டு மணிவரை பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தோம். வளைவுகளிலிருந்து செதில் செதிலாக வந்தது. அள்ளினால் ஒரு குவளை தேறும். ஆறு வருடம் நான் பெருமைப்பட்டுக்கொண்ட சுத்தம் அந்தக் குவளையில் கிடந்தது.

குழாய்களை மாட்டியதும் அவள் ஒரு சிவப்புத் துணியைக் கிழித்து வெந்நீர்த் திருகில் கட்டினாள். "முதல்ல துணி கட்டாத இந்தக் குழாய். கை பொறுக்கிற சூடு. வெளிய வர்ற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். அப்புறம் துணியை அவுத்துட்டு வெந்நீர், சோப்புத்தூள். கடைசியில மறுபடி அலசணும். வாரத்துக்கு ஒரு நாள் அமிலம்" என்றாள்.

"எல்லாம் ஞாபகம் இருக்கும். எனக்கு எதுக்குத் துணி?"

"உங்களுக்கு இல்லக்கா, உங்க கைக்கு."

மாலைக் கறவைக்கு அவள் இருப்பாள் என்று நினைத்தேன். நான்கரைக்கு ரொட்டிக் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

அவள் சொன்னது சரி. கறந்து முடித்த களைப்பில் கை தானாக வெந்நீர்த் திருகுக்குப் போனது. துணி விரலில் தட்டியது. அப்படியே கையை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மூன்றாவது மாதிரி. இந்த முறை நிமிர்ந்தெல்லாம் நிற்கவில்லை. மாட்டின் பக்கத்தில் நின்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

வானொலி இன்று, "அக்கா, புதுசா குழாய் போட்டீங்களாமே" என்றார். சொல்ல வாய் திறந்தேன். "ஆமா" என்று மட்டும் வந்தது. சீ.

ஏப்ரல் 22, செவ்வாய்

எண்பத்து நான்காயிரம்!

அளவுக்குள். மயிரிழையில் இல்லை, அதற்கும் கொஞ்சம் உள்ளேயே. இவர் கடிதத்தை உதைகாலிக்குப் படித்துக் காட்டினார். சின்னவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சிரித்தாள். "இன்னும் இறங்கும்கா" என்றாள். அவள் சிரித்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

ரிசல்ட் வந்துவிட்டது. சேர்த்துச் சொல்கிறேன் என்ற நான் இன்னும் வானொலியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மே 1, வியாழன்

பொட்டுக்காரி மாலையில் இன்னும் பால் அடக்குகிறாள். வேறு வழியில்லாமல் நானும் முணுமுணுத்துப் பார்த்தேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. அதற்கு நான் பேசாமலேயே இருக்கலாம்.

மே 6, செவ்வாய்

கடைசி மாதிரி. ஆய்வாளர் வளைவைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். கண்ணாடிபோல் இருந்தது. இந்த வீட்டில் யாருக்குமே தெரியாதா என்று ஏப்ரலில் கேட்டதை மறுபடி கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. கேட்காதது கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

மே 13, செவ்வாய்

பத்தொன்பதாயிரம். அனுமதி நீடிக்கிறது. வண்டி நிற்கும். மாடு ஒன்றும் எங்கேயும் போகாது.

கொட்டகையில் போய் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டும் இருந்தன. எங்கே போகப்போகின்றன, இருந்தாலும் எண்ணினேன். மகாராணியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். சந்தோஷம்தான். சந்தோஷம் மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும்.

மே 14, புதன்

காலை வண்டி வந்தது. வானொலி இறங்கும்போதே பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. வண்டிக்குப் பின்னால் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இரண்டு பேர், சின்னக் கூலர் வைத்திருப்பவர்கள், பால் கேன் ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா! பத்தொன்பதாயிரமாமே! சாதிச்சிட்டீங்க. எல்லா வாசல்லயும் இதே பேச்சுதான். ரெண்டு வேளையும் ஒண்டியா நின்னு கழுவி, சின்னவங்க பண்ணின தப்பை நீங்க சரி பண்ணிட்டீங்க!"

சின்னவள் உள்ளே மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். கூடை தரையில் உரசும் சத்தம் நின்றது.

ஒரு தலையாட்டல் போதும். எல்லாம் அப்படியே நல்லபடியாக முடிந்திருக்கும். பெயர் எனக்கு. யாரும் வளைவைக் கழற்றிப் பார்க்கப் போவதில்லை.

"இல்லங்க. தப்பு அவளுது இல்ல, என்னுது" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "ஆறு வருஷமா முதல் தண்ணியே கொதிநீர் ஊத்தி, பாலைக் குழாய்க்குள்ள வேக வச்சது நான். அவ சரியாத்தான் கழுவினா. வேணாம்னு அப்பவே சொன்னா. நான் கேக்கல. கேக்காம, உங்க முன்னாடியே அவமேல பழி போட்டேன். அவளை நிறுத்தின பிறகுதான் ஆறு லட்சமாச்சு. அவ சொல்லிக்கொடுத்த மாதிரி கழுவித்தான் இது குறைஞ்சுது. எல்லா வாசல்லயும் சொல்றீங்கல்ல, இதையும் சொல்லுங்க. ஒரு வாசல் விடாம சொல்லணும்."

வானொலி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் மெதுவாக, "முதல் தண்ணி கொதிநீர் கூடாதாக்கா? நாங்களும் அப்படித்தானே ஊத்துறோம்..." என்றார்.

"உள்ள இருக்கா. அவளைக் கேளுங்க" என்றேன்.

அவர் உள்ளே போனார். கை பொறுக்கிற சூடு, தெளிவாக வருகிற வரைக்கும் என்று சின்னவள் சொல்வது வாசல்வரை கேட்டது. நான் வண்டிக்குப் பால் ஏற்றும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் இடிந்து விழவில்லை.

மே 16, வெள்ளி

நேற்றோடு ரொட்டிக் கடையில் கணக்கு முடித்துவிட்டாளாம். என்னிடம் சொல்லவில்லை. மாலை நாலே முக்காலுக்கு நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து, "நகருங்கக்கா. போய்ப் படுங்க, கண்ணெல்லாம் குழி விழுந்திருக்கு" என்றாள். பூட்ஸைக் கழற்றினேன்.

கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடியது. நடுவில் அவள் முணுமுணுப்பும் கேட்டது. பொட்டுக்காரி பாலை விட்டிருப்பாள். ஆறரைக்கு மோட்டார் நின்றது. குழாயில் தண்ணீர் ஓடியது, நெடுநேரம் ஓடியது. அப்புறம் கொட்டகைக் கதவு சாத்தும் சத்தம்.

"போய் விரல் விட்டுப் பாக்கலையா?" என்று இவர் கேட்டார்.

நான் போகவில்லை.